மலைத் தண்ணீரில் விழுந்த சடை

என் தலையில் அம்மன் இறங்கிவிட்டாள் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு மாத காலம் நம்பினார்கள். நானும் மூன்று நாள் நம்பினேன். அந்த மூன்று நாளுக்காக நான் வெட்கப்படுவதில்லை. தலை கனத்துக் கிடக்கையில், பார்க்கிறவர்கள் எல்லாம் கை கூப்புகையில், எப்பேர்ப்பட்டவளும் கொஞ்சம் நம்பித்தான் போவாள்.

அந்தத் தலைமுடியை முருகனுக்கு நேர்ந்துகொண்டது அதற்கு ஏழு மாதம் முன்னால். என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார இடமில்லை. பானம் விற்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றேன். அது முதுகில் உறுமிக்கொண்டே இருந்தது. நான் முருகனிடம் பேசினேன். என்னிடம் நகை இல்லை, நிலம் இல்லை. இடுப்பைத் தொடும் முடி இருந்தது. "ஆளக் குடு. வர்ற தைப்பூசத்துக்கு இத முழுசா எடுத்துக்கோ" என்றேன். சாயங்காலம் ஆளைக் கொடுத்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து கழுத்துக்கு ஒரு ஜிப்பு வைத்துத் தைத்த மாதிரித் தழும்போடு.

நேர்த்தியைக் கேட்டதிலிருந்து அவர் மாறிவிட்டார். முப்பது வருடம் கல் லாரி ஓட்டியவர். குவாரிச் சரிவில் பிரேக் பிடிக்காத வண்டியைச் சிரித்துக்கொண்டே இறக்கியவர். அவர் இப்போது சமையலறைத் தரையில் என் ஒற்றை முடி கிடந்தால் குனிந்து எடுத்தார். எடுத்ததைக் குப்பையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது முடியில்லை. தன்னைக் கட்டி இழுத்து நிறுத்தியிருக்கும் கயிறு. தைப்பூசத்தன்று அது முழுதாக முருகன் கைக்குப் போய்விட்டால் அவர் பிழைத்தார். போகாவிட்டால்? அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்டதில்லை. தூக்கத்தில் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

நாங்கள் இருந்தது நாலாவது மாடி, லிப்ட் இல்லாத பிளாட். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஈப்போ ஓரத்துக் குனோங் ராபாட்டுக்கு மாறினோம். மலையடிவாரத்தில் இரண்டு வரிசைத் தரைவீடுகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை. காலையில் வெள்ளை, மழைக்குப் பிறகு சாம்பல், சாயங்காலம் யாரோ செம்பருத்திப் பூவைக் கசக்கித் தேய்த்த மாதிரி ஒரு நிறம். அதன் மறுபக்கக் குகையில் கோயில் இருக்கிறது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முருகன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்காரர் ஒரு சீனக் கிழவர். சாவியைக் கொடுக்கும்போது இரண்டு பைப்புகளைக் காட்டினார். சமையலறையில் அரசாங்கத் தண்ணீர். குளியலறைக்கும் துணி துவைக்கும் மிஷினுக்கும் பின்கட்டில் துளை போட்டு மோட்டார் வைத்து இறைக்கும் தண்ணீர். சாயங்காலத்தில் அரசாங்கப் பைப்பு நூலாய் ஒழுகும் என்பதால் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் அந்த ஏற்பாடு. "ஆயர் புக்கிட்! பாகுஸ்!" என்று கட்டைவிரலைத் தூக்கினார். மலைத் தண்ணீர், நல்ல தண்ணீர். பார்க்கக் கண்ணாடி மாதிரி. சில்லென்று எலும்பைத் தொட்டது. கோயில் மலைக்குள்ளேயிருந்து வருகிற தண்ணீர் என்று நான் முதல் வாளியை இரண்டு கையாலும் ஏந்தித் தலையில் விட்டுக்கொண்டேன்.

இதில் என் கணவரின் அக்காவையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அண்ணி. பத்து காஜாவுக்கு வெளியே, ரப்பர் மரம் போய் செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய்விட்ட பழைய தோட்டத்தில் இன்னும் இருக்கிறார். பஸ் ஏறி மாதம் இரண்டு தடவை தம்பியைப் பார்க்க வருவார். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. நேர்ந்த முடிக்கு அண்ணி ஒரு சட்டம் போட்டார்.

"ஷாம்பு கீம்பு போடக்கூடாது புள்ள. அதுல என்ன கொழுப்பு போடுறானோ, எந்தச் சாராயம் ஊத்துறானோ. வெறும் சவுக்காரம். எண்ணெய் வை, சவுக்காரம் போடு, அலசு. சாமி முடில்ல?"

நானும் சரியென்றேன். வாரம் இரண்டு நாள் தேங்காயெண்ணெய் வைத்து, கட்டிச் சவுக்காரம் தேய்த்து, மலைத் தண்ணீரில் அலசினேன்.

முதல் மாதத்திலேயே ஏதோ சரியில்லை. சவுக்காரம் நுரைக்கவில்லை. கைக்குள் வழுக்கிக்கொண்டு, தலையில் மாவு மாதிரி ஒட்டியது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். இன்னும் வரவில்லை, இன்னும் தேய்த்தேன். உலர்ந்த பிறகு முடியைத் தொட்டால் ஒரு பக்கம் பிசுக்கு, ஒரு பக்கம் தேங்காய் நார். பளபளப்பு எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. எண்ணெய் வைத்தாலும் கறுக்கவில்லை. சாம்பல் தூவிய கறுப்பு. நுனி நுனியாய் உடைந்தது. சீப்பு பாதி வழியில் நின்றது.

தோலும் அப்படித்தான். குளித்து வந்தால் கன்னம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சிரித்தால் கீறிவிடுமோ என்பது போல. முழங்காலுக்குக் கீழே நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாய் நிற்கும். மளிகைக் கணக்கே எழுதலாம். முழங்கை சொரசொரத்தது. இவருக்குத் தழும்பைச் சுற்றி அரித்தது. முதலில் சட்டைக்கு மேலே விரலால் தேய்த்தார். பிறகு பனியனுக்குள் கையை விட்டார். சிவந்து, செதில் செதிலாய்ப் பொரிந்தது. கிளினிக்கில் காட்டினோம். "தோல் வறட்சி, கிரீம் பூசுங்க" என்று டாக்டர் கொடுத்தார். பூசிய அன்று தேவலாம், குளித்த அன்று பழையபடி. இவருக்கு அது வறட்சியாகத் தெரியவில்லை. உள்ளே தைத்தது பிரிகிறது, வெளியே அரிக்கிறது என்று எடுத்துக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை. கிரீம் டப்பாவை மூடும்போது மூடியை மூன்று தடவை திருப்பினார், அதில் தெரிந்தது.

கார்த்திகை மாதம் பிடரியில் ஒரு சிக்கு விழுந்தது. சீப்பால் எடுக்கப் பார்த்தேன், வலித்தது, விட்டுவிட்டேன். ஓட்டலில் டோபி வேலை எனக்கு. காலை ஏழு மணிக்குத் துவாலை மடிக்க ஆரம்பித்தால் மூன்று மணிக்குத்தான் நிமிர்வேன். முடியைச் சுருட்டி வலைக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிற பிழைப்பு. சிக்கு அடுத்த குளியலில் கொஞ்சம் கெட்டியானது. அதற்கடுத்ததில் இன்னும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என் தலையைப் பின்ன உட்கார்ந்தபோது அது ஒரு முழ நீளத்துக்குக் கயிறாய்த் திரண்டிருந்தது. கை முடியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் அண்ணி கண்ணில் தண்ணீர்.

"புள்ள... இது சிக்கு இல்ல. சடை விழுந்திருக்கு."

"சும்மா இருங்க அண்ணி."

"எனக்குத் தெரியாதா? எங்க தோட்டத்துல சடை விழுந்த சாமியம்மா ஒருத்தவங்க இருந்தாங்கல்ல. இதே மாதிரிதான், பிடரியிலதான் மொதல்ல விழுந்துச்சு. ஆத்தா வந்துட்டாடி!"

சடை என்றால் தெய்வம் தானாக வந்து தங்கும் முடி. சீவக்கூடாது. வெட்டவே கூடாது. வெட்டினால் வெட்டியவளுக்கோ வீட்டு ஆண்பிள்ளைக்கோ ஆகாது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அண்ணி அதையும் சொன்னார், குரலைத் தாழ்த்தி, தம்பிக்குக் கேட்காது என்று நினைத்து. தம்பி கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நிமிடத்தில் அவர் உயிர் இரண்டு கயிற்றில் மாட்டிக்கொண்டது. முடியை முருகனுக்குக் கொடுக்காவிட்டால் நேர்த்தி பொய்க்கும். கொடுத்தால் அம்மன் சடையை வெட்டிய பாவம். எப்படிப் பார்த்தாலும் போவது அவர் நெஞ்சுதான். அன்றைக்குச் சாப்பிடும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அதுல கை வைக்காத."

அந்த மூன்று நாள் நம்பிக்கை அப்போதுதான் வந்தது. ராத்திரி தலையணையில் அந்தக் கனம் ஒரு பக்கமாய் அழுத்தும். யாரோ பிடரியில் விரலை வைத்திருப்பது போல. நான் ஓடிக்கொண்டே இருக்கிறவள். ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். உட்கார வைக்கத்தான் வந்திருக்கிறாளோ என்று நினைத்தேன். நினைப்பு இதமாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் காலைத் தொட்டுவிட்டு, உட்கார்ந்தாள்.

"அக்கா, லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் சொல்லுங்கக்கா."

"என்ன நம்பர்?"

"வாயில வர்றத சொல்லுங்க லா. சாமி வாக்கு."

"ஏண்டி, போன வாரந்தான என்கிட்ட சண்ட போட்ட, பூனை உன் வூட்டுச் செடியில மூத்திரம் பேஞ்சிருச்சுன்னு?"

"அது அப்ப. இப்ப நீங்க வேற."

அவளை அனுப்புவதற்காக என் மோட்டார் சைக்கிள் நம்பரைச் சொன்னேன். அந்த வாரமே அது சின்னப் பரிசாக விழுந்து தொலைத்தது. மறு ஞாயிறு என் வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. ஒருத்தி மகனுக்குப் பொண்ணு அமையுமா என்றாள். ஒருத்தி மாமியார் எப்போது ஊருக்குப் போவார் என்றாள். ஒருத்தி எலுமிச்சம்பழம் ஒரு கூடை கொண்டுவந்து வைத்தாள். இவர் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கும்போது கோயில் வாசலில் நிற்கிறவரைப் போல நின்றார். இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவர் மூன்றாம் ராத்திரியே பாயை அரை அடி தள்ளிப் போட்டிருந்தார். எனக்கு நம்பிக்கை போன இடம் அதுதான். என் புருஷனைப் பயமுறுத்துகிற தெய்வம் எனக்கு வேண்டாம்.

ஆனால் வேண்டாம் என்றால் மட்டும் போதுமா? அது என்னவென்று தெரிய வேண்டுமே.

தெரிந்தது துவாலையில். எங்கள் ஓட்டல் டோபியில் ஒரு நீலத் தொட்டி இருக்கிறது. உப்பு மூட்டையைக் கொட்டுவார்கள், தண்ணீர் அதன் வழியாகப் போய்த்தான் மிஷினுக்கு வரும். எதற்கு என்று நான் கேட்டதில்லை. டிசம்பரில் ஒரு நாள் உப்பு தீர்ந்துபோய் யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் துவைத்த துவாலைகள் காய்ந்து வந்தபோது நிறுத்தி வைத்தால் நின்றன. பலகை. வெள்ளைத் துவாலையில் ஒரு மங்கல், விரலில் ஒரு சொரசொரப்பு, அந்த ஒரு பக்கப் பிசுக்கு. மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒரு கையால் துவாலையைத் தொட்டேன். மறு கையால் வலைக்குள் விரலை விட்டுப் பிடரியைத் தொட்டேன்.

ஒன்றுதான். இரண்டும் ஒன்றுதான்.

அந்தத் தொட்டியைப் பார்க்க மாதாமாதம் ஒரு அண்ணன் வருவார். பாகான் செராய்க்காரர், நெல் வயலுக்கு நடுவே பிறந்தவர், தண்ணீரைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார். அவர் வந்த அன்று எங்கள் குளியலறைத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோனேன்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

"எங்க உள்ள தண்ணி?"

"எங்க வீட்டுது."

சின்னக் குழாயில் ஊற்றினார். ஏதோ மருந்து போட்டார், சிவந்தது. பிறகு இன்னொரு போத்தலிலிருந்து சொட்டு சொட்டாக விட்டார். "நம்ம தொட்டித் தண்ணி ஒரு சொட்டுல நீலமாயிரும், பாருங்க" என்றார். என் தண்ணீர் ஒரு சொட்டில் ஆகவில்லை. ஐந்தில் ஆகவில்லை. பத்து தாண்டியது. அண்ணன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி விட்டார். பதினெட்டாவது சொட்டில் மெல்ல நீலம் வந்தது.

"என்னம்மா, சிமெண்டு கரைச்சு எடுத்தாந்தீங்களா?"

"மலையடி போர் தண்ணிண்ணே."

"அதான பாத்தேன். சுண்ணாம்பு மலைக்குள்ள எறங்குற மழை சும்மாவா வரும்? கல்லக் கரைச்சு மடியில கட்டிக்கிட்டு வரும். இதுல சவுக்காரம் போட்டா நுரைக்காது, திரிஞ்சுதான் போவும். திரிஞ்சது தண்ணியோட போவாது. துணியில ஒட்டும், தோல்ல ஒட்டும், தலையில ஒட்டும். எண்ணெய் வேற வச்சீங்கன்னா முடிஞ்சுது கதை. பசைதான். மெழுகு."

"குடிச்சா?"

"குடிச்சா ஒன்னும் ஆவாது. குளிச்சாதான் பொம்பளைங்க அழுவாங்க."

நான் அழவில்லை. சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தேன். ஈப்போ மழை முதுகில் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் சாமி கனமாய் இருந்தாள். இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவளிடமே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இவர் முன்னால் இரண்டு கண்ணாடிப் போத்தல் வைத்தேன். ஒன்றில் சமையலறைத் தண்ணீர். ஒன்றில் குளியலறைத் தண்ணீர். இரண்டிலும் சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, மூடி, அவர் கையிலேயே கொடுத்துக் குலுக்கச் சொன்னேன். ஒன்று கழுத்து வரை நுரைத்தது. மற்றது நுரைக்கவே இல்லை. திரிந்த தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்து, ஓரத்தில் ஒட்டின.

பார்த்தார். போத்தலை மேசையில் வைத்தார்.

"அது தண்ணி. இது தலை."

"தலையில ஊத்துனது அந்தத் தண்ணிதானங்க?"

"தண்ணி இந்த ரோட்டு வீட்டுக்கெல்லாந்தான் வருது. உனக்கு மட்டும் எப்படி விழுந்துச்சு?"

"அவளுங்க எல்லாம் ஷாம்பு போடுறாளுங்க. நான்தான் ஒங்க அக்கா சொன்னாங்கன்னு சவுக்காரத்தைத் தேய்ச்சேன்."

போத்தலை இன்னொரு தடவை குலுக்கிப் பார்த்தார். ஆனால் பயம் வாதத்துக்குப் போகிற சரக்கா? அதனால் நான் தலையை விட்டுவிட்டு அவர் நெஞ்சைப் பிடித்தேன். நாளையிலிருந்து நீங்கள் குளியலறைப் பைப்பைத் தொடக்கூடாது என்றேன். காலையில் சமையலறைப் பைப்பில் தண்ணீர் நன்றாக வரும் நேரம் இரண்டு வாளி பிடித்து நானே குளியலறையில் வைத்தேன். சவுக்காரத்தை நிறுத்தி, கிளினிக் கிரீமை மட்டும் பூசச் சொன்னேன். நாலாம் நாள் அரிப்பு குறைந்தது. பத்தாம் நாள் செதில் போய், தழும்பு தழும்பாக மட்டும் இருந்தது, இளஞ்சிவப்பாய், அமைதியாய். அன்று அவர் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு குளியலறைக்குள் போய் ஷவர் வாயில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தார். முப்பது வருடம் அவர் லாரியில் ஏற்றியது அது. மூக்கில், கண்ணிமையில், சாப்பாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து வந்தது.

"நம்ம கல்லுத்தான்" என்றார், யாரிடமோ.

அடுத்த ஞாயிறு அண்ணி வந்திருந்தபோதுதான் நான் பேச்சை எடுத்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு வராது. சிக்கைப் பிரிக்கப் போகிறேன், தைப்பூசத்துக்கு மொட்டை போடப் போகிறேன், சொன்னது சொன்னபடி, என்றேன்.

அண்ணி எழுந்துவிட்டார். "தண்ணின்னே வச்சுக்க. அந்தத் தண்ணி எங்கேருந்து வருது? சாமி மலையிலேருந்து. ஆத்தா தண்ணி வழியா வந்தா என்ன, காத்து வழியா வந்தா என்ன? வந்துட்டால்ல?"

நல்ல கேள்வி. அதற்குக் கெமிஸ்ட்ரியில் பதில் கிடையாது. நான் வேறு பக்கமாகப் போனேன்.

"வரட்டும் அண்ணி. ஆனா இந்த முடி முருகனுக்குன்னு நேந்தாச்சு. முருகன் பங்குல ஆத்தா வந்து ஒக்காந்துக்கிட்டா, அது அம்மாவுக்கும் மவனுக்கும் உள்ள வழக்கு. அவங்க பேசித் தீத்துக்கட்டும். என் தலைய ஏன் கோர்ட்டா ஆக்குறீங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "வாயி, வாயி... ஒனக்கு வாய்க்குத்தாண்டி மொட்ட போடணும்" என்றார். ஆனால் சீப்பை எடுக்கவில்லை. "நான் தொடமாட்டேன். எனக்கு ஒரே தம்பி."

அப்போது மழை பிடித்தது, தினமும் மூன்று மணிக்கு வருகிற மழை, மலையை மறைத்துக்கொண்டு. இவர் எழுந்து போய் பின்கட்டில் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் இரண்டு வாளியை வைத்தார். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. எந்த மலைக்குள்ளும் இறங்கவில்லை அது, நேரே வானத்திலிருந்து வந்த புதுசு. வாளி நிறைந்ததும் உள்ளே கொண்டுவந்து, குட்டை ஸ்டூலை என் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"எலுமிச்சம்பழம் எங்க?" என்றார்.

சாமிக்கென்று வந்த பழங்கள் கூடையில் வதங்கிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீரில் பிழிந்தோம். அவர் குவளையால் மொண்டு பிடரியில் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி ஊற்றினார். தலைத்தோலின் வெடிப்புகளில் எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்தார். லாரி ஸ்டியரிங்கைப் பிடித்த கை. இவ்வளவு மெதுவாக அதற்கு வரும் என்று எனக்குத் தெரியாது. சீப்பின் பல்லில் சாம்பல் நிறப் பசை வந்தது, மெழுகுவர்த்தி உருகின மாதிரி. அவர் அதை ஒவ்வொரு தடவையும் துடைத்து, முகர்ந்து பார்த்து, அண்ணியிடம் நீட்டினார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாவது தடவை திருப்பவில்லை.

நிறைய உடைந்தது. பாதி என்று சொல்ல மாட்டேன், பாதிக்குக் கொஞ்சம் குறைவு. உடைந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டே வந்தார். நான் முன்னால் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன், மேனேஜரைப் பற்றி, பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி. பேச்சு நின்றால் அவர் கை நின்றுவிடும் என்று தோன்றியது. விளக்குப் போடும் நேரத்துக்குள் முழ நீளக் கயிறு முடியாகிவிட்டது. கழுத்துக்கு மேலே ஒரு முடிச்சு மட்டும், கொட்டைப்பாக்கு அளவுக்கு, எதற்கும் அசையவில்லை.

"இது இருக்கட்டும்" என்றார் இவர்.

"இருக்கட்டும்" என்றேன். முருகனுக்குப் போகும்போது அதுவும் போகும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

தைப்பூசத்தன்று விடியலிலேயே மலையின் மறுபக்கம் போனோம். மேளமும் ஊதுபத்திப் புகையும் குகைக்குள் போய் முட்டித் திரும்பின. முடியிறக்கும் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாய். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் கத்தியோடு. எனக்குக் கிடைத்தவர் முப்பது வயதுக்காரர், வெளியூர்க்காரர் போல, வாயில் பேச்சு ஓயவில்லை. "அக்கா குனிங்க, அக்கா காத அசைக்காதீங்க, நல்ல மண்டக்கா ஒங்களுக்கு, தேங்கா மாதிரி." இவர் பக்கத்தில் துவாலையோடும் அந்தப் பிளாஸ்டிக் பையோடும் நின்றார். அண்ணி பால்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி.

முன்னந்தலை போனது. உச்சி போனது. மடியில் முடி விழுந்துகொண்டே இருந்தது. காற்று புதிதாய்த் தொட்டது. பிடரிக்கு வந்ததும் கத்தி நின்றது.

பேச்சும் நின்றது.

கத்தி வைத்திருந்தவர் விரலால் அந்த முடிச்சைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார். "அண்ணே," என்றார் இவரைப் பார்த்து, குரலில் பழைய சிரிப்பு இல்லை, "இது சடையா? சடைன்னா நான் எடுக்கமாட்டேண்ணே. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

பக்கத்து நாற்காலிக் கத்தியும் நின்றது போலிருந்தது. "அது வந்து தம்பி..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

எனக்குச் சொல்ல ஒரு பை நிறைய இருந்தது. நீலத் தொட்டி, பதினெட்டு சொட்டு, திரிந்த பால். குனிந்த தலையை நிமிர்த்தாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. தரையில் இவர் காலை மட்டும் பார்த்தேன். செருப்பில்லாத கால், விரல்கள் சிமெண்டை இறுகப் பிடித்திருந்தன. மேளம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று ஆரம்பித்தது. விரல்கள் விட்டன.

"சடை இல்ல தம்பி" என்றார் இவர். "சுண்ணாம்பு. எங்க பாத்ரூம் தண்ணி. நானே சீவிப் பாத்தேன். நீ பயப்படாம எடு லா."